சரிவகத்தின் இரண்டு பெயர்கள்

ஒரு ஜோடி எதிர்ப்பக்கங்கள் இணையாக உள்ள நாற்கரத்தைச் சரிவகம் என்கின்றன நம் பாடநூல்கள். ஆங்கிலவழியில் படிப்பவர்களுக்கு அது டிரபீசியம். அமெரிக்க ஆசிரியர் ஒருவரின் கணக்கு வீடியோவைப் பார்த்தாலோ அதே உருவம் டிரபிசாய்டு ஆகிவிடுகிறது. அமெரிக்காவில் டிரபீசியம் என்றால் எந்த இரு பக்கமும் இணையாக இல்லாத நாற்கரம். பிரிட்டனில் டிரபிசாய்டுக்குத்தான் அந்தப் பொருள். ஒரே மொழி பேசும் இரு நாடுகளில் இரு சொற்களும் நேர்மாறாக இடம் மாறி நிற்கின்றன.

வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. டிராபெசா என்றால் மேசை. நான்கு கால் உடையது என்பது அதன் உட்பொருள். பழங்காலத்தில் நாணயம் மாற்றித் தருவோர் மேசை போட்டு அமர்ந்ததால், இன்றும் கிரேக்க மொழியில் வங்கிக்கு இதுவே பெயர். டிரபீசியம் என்பது குட்டி மேசை. டிரபிசாய்டு, மேசை போன்றது.

கி.மு. 300 வாக்கில் யூக்ளிட், சதுரம், செவ்வகம், சாய்சதுரம், இணைகரம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர் தந்துவிட்டு, மிச்சமுள்ள நாற்கரங்கள் எல்லாவற்றையும் டிரபீசியம் என்றார். மிச்சத்தைப் பிரித்தவர் கி.பி. 5ஆம் நூற்றாண்டின் புரோக்ளஸ். இரு பக்கம் இணையானால் டிரபீசியம், இல்லையென்றால் டிரபிசாய்டு என்று யூக்ளிட் உரையில் வகுத்தார். ஐரோப்பா நெடுங்காலம் இதையே பின்பற்றியது. 1795இல் சார்லஸ் ஹட்டன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞரின் அகராதி வெளிவந்தது. அதில் இரண்டு பொருளும் தலைகீழாக இருந்தன. பிரிட்டன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய வழக்குக்குத் திரும்பிவிட்டது. அமெரிக்கா திரும்பவில்லை. ஓர் அகராதியின் செல்வாக்கு இத்தனை தூரம் நீள்வது எனக்கு இன்னும் வியப்புதான்.

கணக்குக்கு வெளியிலும் இந்தச் சொல் பரவியிருக்கிறது. கழுத்திலிருந்து தோள்களுக்கும் நடு முதுகுக்கும் விரியும் தசை டிரபீசியஸ். கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் உள்ள எலும்பு டிரபீசியம். அதை ஒட்டி, சுட்டுவிரலுக்கு நேர் கீழே இருப்பது டிரபிசாய்டு. ஓரையன் நெபுலாவின் நடுவில் ஒளிரும் விண்மீன் கூட்டமும் டிரபீசியம்தான். 1859இல் பாரிஸில் ஜூல் லியோட்டார் பறந்து காட்டிய சர்க்கஸ் ஊஞ்சலான டிரபீஸும் இதே குடும்பம்.

ஆனால் இந்த வடிவத்தின் மிகப் பெரிய பயன், பக்கங்களின் அளவில் இல்லை, பரப்பில் இருக்கிறது. இணைப்பக்கங்களைக் கூட்டி, இடையிலுள்ள உயரத்தால் பெருக்கி, பாதியாக்கினால் பரப்பு கிடைக்கும். இதைப் பாபிலோனிய வானியலாளர்கள் வியாழன் கோளுக்குப் பயன்படுத்தினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 350க்கும் கி.மு. 50க்கும் இடைப்பட்ட களிமண் பலகைகளைப் படித்து இதை 2016இல் வெளிப்படுத்தியவர் மாத்யூ ஒசென்டிரைவர்.

விடியலில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது வியாழன் நாளொன்றுக்கு 12 கலை நகர்கிறது (60 கலை ஒரு பாகை). 60 நாளில் அந்த வேகம் ஒன்பதரைக் கலையாகக் குறைகிறது. நாட்களைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் வைத்தால், தொடக்க வேகமும் முடிவு வேகமும் ஒன்றுக்கொன்று இணையான இரு கோடுகள். இறங்கும் வேகம் மேலே சரிந்த கோடு. சரிவகம் வந்துவிட்டது. இரு வேகங்களின் கூடுதல் இருபத்தொன்றரை. அதில் பாதியை 60ஆல் பெருக்கினால் 645 கலை, அதாவது பத்தே முக்கால் பாகை. பலகையில் இருக்கும் விடையும் அதுவே. வேகத்தின் பரப்பே தொலைவு என்ற இந்த எண்ணம் ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டியது.

வளைகோட்டின் அடியிலுள்ள பரப்பை மெல்லிய சரிவகங்களாக வெட்டிக் கூட்டும் முறையை இன்று பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள். பள்ளியில் டிரபீசியம் என்று கற்ற அவர்களே கல்லூரியில் அதை டிரபிசாய்டல் விதி என்கிறார்கள்.