கரண்டியில் நிற்கிற கஞ்சி



பட்டாபிராம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா வசூலித்து, கடன் தவணை எழுதி முடித்த பிறகு ஒரு தங்கச்சி எட்டு மாதப் பெண் குழந்தையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் அங்கன்வாடியில் கொடுத்த வளர்ச்சி அட்டை. ஐந்தாம் மாதம் 6.2 கிலோ. எட்டாம் மாதம் 6.3 கிலோ. "மூணு மாசத்துல நூறு கிராம்தான்க்கா ஏறியிருக்கு. பாலும் குடிக்குது, சாப்பாடும் கொடுக்கிறோம். என்னன்னே தெரியல" என்றாள்.

அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலைக்குப் போகிறாள். காலையில் ரயில் ஏறினால் வீடு திரும்ப இரவாகிவிடும். பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். "என்னம்மா கொடுக்கிறீங்க?" என்று அவரிடமே கேட்டேன். "சோத்தைக் குழைய வேகவெச்சு, தண்ணி ஊத்திக் கரைச்சு, துணியில வடிகட்டி பாட்டில்ல கொடுக்கிறேன். நடுவுல டீயில பிஸ்கட்டு. நாங்க அஞ்சு பிள்ளை வளர்த்தவங்கம்மா" என்றார். அந்த அம்மாவின் அக்கறையில் ஒரு குறையும் இல்லை. குறை கஞ்சியில்தான்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு பால் மட்டும் பத்தாது. பிறக்கும்போது குழந்தை உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஏறக்குறைய அந்த நேரத்தில் தீர்ந்துவருகிறது. குழந்தையும் தயாராகிவிடும். தலை நிற்கும், பிடித்து உட்காரவைத்தால் உட்காரும், நாம் சாப்பிடும் தட்டை எட்டிப் பிடிக்கும். முதல் சோறு கோயிலில் ஊட்டுவது அவரவர் விருப்பம். ஆனால் நல்ல நாள் பார்க்கிறோம் என்று எட்டு, ஒன்பது மாதம்வரை தள்ளிப் போடாதீர்கள். தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம், இரண்டு வயதுவரை கொடுக்கலாம்.

இப்போது கஞ்சிக்கு வருவோம். குழந்தையின் வயிறு ரொம்பச் சின்னது. அதில் வடிகட்டிய தண்ணீரை நிரப்பினால் வயிறு உப்பும், அழுகை நிற்கும், தூங்கியும் விடும். நாமும் வயிறு நிறைந்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் சத்தெல்லாம் வடிகட்டின துணியில் தங்கிவிட்டது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி சட்டென்று வழியக் கூடாது, மெதுவாக நழுவ வேண்டும். அந்தப் பதம்தான் சரி. வடிகட்ட வேண்டாம், மசித்தால் போதும். பாட்டிலும் வேண்டாம், அதன் ரப்பரில் தங்கும் அழுக்கே வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். கிண்ணமும் ஸ்பூனும் போதும்.

"கெட்டியா கொடுத்தா துப்புதே" என்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கவிட்டு, உலர்த்தி, லேசாக மட்டும் வறுத்து மாவாக்கி வையுங்கள். கெட்டியாகக் காய்ச்சின கஞ்சியை இறக்கி, கொஞ்சம் சூடு தணிந்ததும் இந்த மாவில் ஒரு சின்ன ஸ்பூன் கலந்து சில நிமிடம் கிளறுங்கள். தண்ணீர் ஊற்றாமலே கஞ்சி இளகும். மறுபடி ஒரு கொதி விட்டு இறக்குங்கள். முளைத்த தானியத்தில் உள்ள ஒரு நொதி மாவுச்சத்தை உடைப்பதால் இப்படி ஆகிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் என்ற ஊட்டச்சத்து அறிஞர் 1980-களில் இதை ஆராய்ந்திருக்கிறார். கேழ்வரகை முளைகட்டுவது நம் பாட்டிமார் அறிந்த வேலைதான்.

முதல் சில நாள் இரண்டு மூன்று ஸ்பூன், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. எட்டு மாதத்துக்குள் வேளைக்கு அரை டம்ளர் அளவு, இரண்டு மூன்று வேளை. ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை. ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டையே காரம் குறைத்துப் பிசைந்து கொடுக்கலாம்.

கஞ்சியோடு நிறுத்திவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. அதனால் பருப்பு, கீரை, முட்டை, முள் எடுத்த மீன், வேகவைத்து மசித்த ஈரல் எல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம். ஒவ்வொன்றாகப் பழக்குங்கள். முட்டை சூடு என்று ஒதுக்க வேண்டாம். டீ வேண்டவே வேண்டாம், அது இருக்கிற இரும்புச்சத்தையும் சேரவிடாது. ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தடவக் கூடாது. முழு வேர்க்கடலை தொண்டையில் சிக்கும்.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவை வாங்கி வீட்டில் எல்லோரும் உருண்டை பிடித்துச் சாப்பிட்டுவிடுகிறோம் (நானும் சாப்பிட்டவள்தான்). அது குழந்தையின் பங்கு. வெல்லம் அதிலேயே இருக்கிறது, மேலே சர்க்கரை போடாதீர்கள். அந்த மாவை நம் மாநிலத்தில் மகளிர் கூட்டுறவுச் சங்கங்களும் தயாரிக்கின்றன. டப்பா உணவை நினைத்து ஏங்க வேண்டாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டப்பா உணவுக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது.

மாதாமாதம் எடை பாருங்கள். 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்குத்தான் முதலில் உணவு கொடுத்தார்கள். குழந்தை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கிறதா என்பதைவிட அட்டையில் கோடு மேலே போகிறதா என்பதுதான் முக்கியம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2017 திருத்தத்தில் பேறுகால விடுப்பு 26 வாரமானது. ஆறு மாதம். சரியாக சோறு தொடங்கும் நேரத்தில் அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. காண்டிராக்டில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த விடுப்பே கைக்கு வருவதில்லை. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் சட்டம். தனியாகக் கேட்கத் தயங்கினால் நாலு பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

அந்த தங்கச்சி வீட்டில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். மாமியாரைக் குற்றவாளியாக்கியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அவரையே கேழ்வரகு முளைகட்டச் சொன்னோம். அவர் கைப்பக்குவத்துக்கு மாவு நன்றாகவே வந்தது. மருத்துவரிடமும் காட்டினார்கள், வேறு நோய் இல்லை என்றார். அடுத்த மாதம் தராசில் 6.7 கிலோ. "அத்தை இப்ப எனக்கும் சேர்த்து முட்டை அவிக்கிறாங்கக்கா" என்று அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.