நுண்துளைச் செப்பமும் கலைச்சொல் தெரிவும்

கொல்கத்தாவிலுள்ள ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறை, உலோகத்தை மின்வேதி முறையில் நுண்ணிதாகக் கரைத்து வடிவமைப்பது குறித்து ஆய்வு நிகழ்த்தியுள்ளது. 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுடைய துளைகளின் உட்சுவரைச் சீராக்கவும் இம்முறை பயன்படும். மின்பொறியால் அரித்து இட்ட துளையின் சுவரில், உருகி மீண்டும் உறைந்த படலம் எஞ்சும். மின்பகுளிக் கரைசலைத் துளையினூடே செலுத்திப் பாகத்தை நேர்மின்வாயாக்கினால் அப்படலம் கரைந்து நீங்கும். எதிர்மின்வாயான கருவி சுவரைத் தொடலாகாது. தொட்டால் குறுக்குச்சுற்று நேர்ந்து இரண்டும் பழுதாகும்.

ஆகவே, இங்கு 'பினிஷிங்' என்பதைத் 'தேய்ப்பு' எனப் பெயர்ப்பது, தொடலாகாததைத் தொடுமாறு தொழிலாளிக்கு உணர்த்திவிடும். 'முடித்தல்' என்பதோ வேலையின் இறுதியைச் சுட்டுமேயன்றிப் பரப்பின் தன்மையைச் சுட்டாது. 'செப்பம்' விளைவை மட்டும் உணர்த்துகிறது. வழிமுறையை அடைமொழியால் விளக்கலாம்: 'மின்வேதிச் செப்பம்', 'உராய்வுச் செப்பம்'.