நிறத்திற்கு ஓர் ஊசி

கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னரும், ஒரு தாயும் மகளும் பங்கு இல்லத்துத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தனர். பாஸ்கா விழா முடிந்ததும் மகளுக்குத் திருமணம். மணத் தயாரிப்பு வகுப்பிற்கு அவள் இரு வாரமாக வரவில்லை. காரணம் அறியவே நாம் வரச் சொல்லியிருந்தோம். மகள் தலை கவிழ்ந்திருக்க, தாயே பேசினார்.

"சாமி, வகுப்பு நாளும் டிரிப்ஸ் போடுற நாளும் ஒண்ணா வந்திருச்சு. பிள்ளை கொஞ்சம் கறுப்புங்க. மாப்பிள்ளை வீட்டுல போட்டோ பார்த்தப்பவே ஒரு மாதிரியாச் சொன்னாங்க. கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் நிறம் வரட்டுமேன்னுதான்..."

நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டக் குடும்பம் அது. விடியுமுன் பூப்பறிக்கச் சென்று வெயிலேறிய பின் திரும்பும் பிள்ளை. மகளிர் குழுக் கடனை எடுத்து, நகரில் ஓர் அழகு நிலையத்தில் ஊசிக்குக் கட்டியிருக்கிறார்கள். நான்காவது முறை மருந்து ஏறிய அன்றிரவு உடலெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு. அரசு மருத்துவமனையில் ஓரிரவு வைத்துத் தேற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஊசி போட்ட இடத்திலோ, "சிலருக்கு அப்படித்தான், அடுத்த முறை மெதுவாக ஏற்றுவோம்" என்றார்களாம். ஐந்தாவது ஊசிக்குப் போகலாமா, கூடாதா என்பதே தாயின் கேள்வி. கட்டிய பணம் திரும்பாது என்ற கவலை அவருக்கு. பெயரும் ஊரும் சொல்லாமல் எழுத அக்குடும்பம் இசைவு தந்ததால் இதனை இங்கு எழுதுகிறோம்.

அவர்கள் நீட்டிய காகிதத்தில் மருந்தின் பெயர் "குளுட்டாதயோன்" என்றிருந்தது. ஐந்தாவது ஊசி வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டோம். பின்னர் நமக்குத் தெரிந்த மருத்துவரிடம் வினவியும், படித்தும் அறிந்தவற்றையே இங்குத் தருகிறோம்.

குளுட்டாதயோன் நஞ்சன்று; அயற்பொருளுமன்று. இதை வாசிக்கும் ஒவ்வொருவரின் உடலிலும் ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் அது இருக்கிறது. கல்லீரலில் மிகுதியாக இருக்கிறது. 1888இல் பிரான்சு நாட்டு அறிஞர் ரே பையாத் அதனை ஈஸ்ட்டில் கண்டார். 1921இல் கேம்பிரிட்ஜில் ஹாப்கின்ஸ் என்பவர் அதைப் பிரித்தெடுத்து இன்றைய பெயரைச் சூட்டினார். குளுட்டாமிக் அமிலம், சிஸ்டீன், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடலே கோத்து இதனைச் செய்துகொள்கிறது. மூன்றனுள் சிஸ்டீனில்தான் கந்தகம் உண்டு. குளுட்டாதயோனின் வேலையெல்லாம் அக்கந்தகத்தை நம்பியே நடக்கிறது.

அந்த வேலை என்ன? நம் ஊர்ப் பூட்டுப் பட்டறைக்காரரிடம் துருவைப்பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் இரும்பை அரிக்கிறது. நமக்கு உயிர் தரும் அதே ஆக்சிஜன் உடலுக்குள் எரியும்போதும், வெயில் தோலில் தாக்கும்போதும், முரட்டுத் துகள்கள் சில பிறக்கின்றன. அவை உயிரணுவின் சுவரையும் புரதங்களையும் கெடுக்கும். குளுட்டாதயோன் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைத் தந்து அவற்றைச் சாந்தப்படுத்துகிறது. கொடுத்து வெறுமையான குளுட்டாதயோன் இரண்டிரண்டாக இணைந்து கிடக்கும். ஒரு நொதி அவற்றைப் பிரித்து மீண்டும் வேலைக்கு அனுப்பும். பட்டறை எண்ணெய் ஒருமுறை பூசினால் தீர்ந்துபோம். இதுவோ தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் எண்ணெய். படைத்தவரின் சிக்கனம் வியக்கத்தக்கது.

வயது ஏற ஏற இதன் உற்பத்தி குறைகிறது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பேலர் மருத்துவக் கல்லூரியில், 2011இல் வெளியான ஆய்வொன்றில், முதியோர் எண்மருக்கு இரு வாரம் சிஸ்டீனும் கிளைசினும் கொடுத்தபோது அவர்கள் உடலில் குளுட்டாதயோன் மீண்டும் பெருகியது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கையே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: அங்குக் கொடுக்கப்பட்டது மூலப்பொருள், செய்து முடித்த சரக்கன்று. வாய்வழி உண்ட குளுட்டாதயோனின் பெரும்பகுதியைக் குடல் சிதைத்துவிடுகிறது. மேலும், அது நிறத்தைப்பற்றிய ஆய்வுமன்று.

பின் நிறம் எப்படி இதனோடு சேர்ந்தது? தோலுக்கு நிறம் தரும் மெலனினில் இரு வகை உண்டு. ஒன்று கருமை சார்ந்தது. மற்றது மஞ்சளும் சிவப்பும் சார்ந்தது. மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியைக் குளுட்டாதயோன் ஓரளவு தடுக்கிறது. உற்பத்தியைக் கருமையிலிருந்து மஞ்சள் வகைக்குத் திருப்பியும் விடுகிறது. வேறு நோய்க்குக் கொடுத்தபோது பக்கவிளைவாகக் காணப்பட்ட இம்மாற்றத்தையே வணிகர் முதலாக்கிக்கொண்டனர்.

பயன் எவ்வளவு? 2012இல் வெளியான தாய்லாந்து ஆய்வில், மருத்துவ மாணவர் 60 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் மாத்திரை நான்கு வாரம் தரப்பட்டது. தோலின் ஆறு இடங்களை அளந்ததில், இரண்டு இடங்களில் மட்டுமே குறிப்பிடத்தக்க குறைவு தென்பட்டது. ஊசியின் கதை இன்னும் மோசம். 2016இல் வெளியான பாகிஸ்தான் ஆய்வில் 25 பெண்களுக்கு வாரம் இருமுறை ஊசி போடப்பட்டது. இறுதிவரை நின்ற 16 பேரில் 6 பேருக்கே சற்று நிறமாற்றம். அதுவும் ஊசியை நிறுத்தியபின் நிலைக்கவில்லை. ஆனால் 8 பேருக்குக் கல்லீரல் செயற்பாடு கெட்டது. ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை வந்து உயிருக்கே ஆபத்தாயிற்று. நம் மல்லிகைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அன்றிரவு நேர்ந்தது என்னவென்று இதைப் படித்தபோதுதான் நமக்கு உறைத்தது.

கத்தோலிக்க நாடான பிலிப்பைன்ஸில் இவ்வூசி மிகப் பரவியிருந்தது. அந்நாட்டு மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரிக்கை விடுத்தது: ஊசி வடிவக் குளுட்டாதயோனுக்கு அங்கு ஒப்புதல் உள்ள பயன், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றும்போது துணையாகத் தருவது ஒன்றே, நிறத்திற்காகப் போடுவது கடும் தோல்நோய், தைராய்டுக் கோளாறு, சிறுநீரகக் கேடு இவற்றில் முடியலாம் என்றது. நம் நாட்டிலும் தோல் வெளுப்பதற்கென இவ்வூசிக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டதில்லை. ஒரு நோய்க்கு மருந்தாகும் பொருள் அழகு நிலையத்து நாற்காலியில் போட்டுக்கொள்ளும் பொருளாகிவிடாது.

ஊசிக்கு வசதியற்றோர் களிம்பை நாடுகின்றனர். கேரளத்தின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளர் 22 பேரை மருத்துவர் ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு இருந்தது மிக அரிதாகக் காணப்படும் வகை. அப்பதினைவருள் 13 பேர் நோய்க்கு முன் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். இத்தகைய களிம்புகளில் கலந்திருக்கும் பாதரசமே காரணப்பொருளாகக் கருதப்படுகிறது. பாதரசம் உடலில் புகுந்தால் முதலில் எதைப் பற்றும் தெரியுமா? கந்தகத்தைத்தான், அதாவது, நாம் மேலே சொன்ன அதே குளுட்டாதயோனை. ஒரு கையால் விலைக்கு வாங்கி ஏற்றுவதை மறு கையால் பூசி அழிக்கும் வேடிக்கை இது.

வெளுத்த தோல் இளமையாக இருக்கும் என்ற எண்ணமும் பிழையே. உங்கள் வீட்டுப் பாட்டியின் கழுத்தையும் முன்கையையும் பாருங்கள். பின்னர் ரவிக்கைக் கைக்குள் மறைந்திருந்த மேற்கையைப் பாருங்கள். ஒரே வயதுடைய தோல்தான். சுருக்கமும் புள்ளியும் வெயில் பட்ட இடத்தில்தான் மிகுதி. வெயிலின் புறஊதாக் கதிர் தோலின் உள்ளடுக்குவரை இறங்கி, அதைத் தாங்கும் கொலாஜன் இழைகளை அறுக்கிறது. இதைத் தடுக்கும் குடை கரிய மெலனினே. 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கறுப்பின மக்களின் மேல்தோல் வெள்ளையர் தோலைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு புறஊதாக் கதிரைத் தடுப்பதாகத் தெரிந்தது. ஆக, திண்டுக்கல் வெயிலில் நிற்பவர் கருமையை இழப்பது, சித்திரை மாதத்தில் கூரையைப் பிரிப்பது போன்றது. இனிமைமிகு பாடலின் மணமகளும் திராட்சைத் தோட்டக் காவலில் வெயிலால் கறுத்தவள்தான். திருமணத்திற்குள் அவள் வெளுக்க வேண்டும் என்று அந்நூலில் யாரும் சொன்னதாக நாம் கண்டதில்லை.

இனி, உண்மையாகவே தோலின் நலம் நாடுவோர்க்குச் சில சொற்கள். அப்பிள்ளையிடம் உணவைப்பற்றி விசாரித்தபோது, திருமணத்திற்குள் மெலிய வேண்டுமென்று இரவு உணவையே விட்டிருப்பதாகக் கூறினாள்! பட்டினியில் குளுட்டாதயோன் குறையும். சிஸ்டீன் முட்டையிலும் மீனிலும் கோழியிலும் உண்டு. பருப்பிலும் பயறுகளிலும் ஓரளவு உண்டு. கந்தகச் சத்துக்குச் சின்ன வெங்காயமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் நம் மாவட்டத்திலேயே விளைகின்றன. ஆயக்குடிக் கொய்யாவில் வைட்டமின் சி ஆரஞ்சைவிட மிகுதி. அது குளுட்டாதயோனுக்கு உற்ற துணை. இவை யாரையும் வெளுக்கச் செய்யா. உடல் தன் வேலையைத் தானே செய்ய இடங்கொடுக்கும், அவ்வளவே. தோட்ட வேலைக்கு முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் வேண்டும். வீட்டு ஆண்கள் புகைப்பதை நிறுத்தட்டும். வெயிலுக்கு அடுத்தபடியாகத் தோலைக் கிழடாக்குவது புகையிலைதான்.

வணிகரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. "ஃபேர் அண்ட் லவ்லி" களிம்பு 1975இல் கடைக்கு வந்தது. 2020இல் "ஃபேர்" என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்தார்கள். சென்னையில் "விமன் ஆஃப் வொர்த்" என்ற அமைப்பு 2009இலேயே கருமையும் அழகே என்று இயக்கம் தொடங்கியது. அவர்களெல்லாம் அசைந்தபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? நம் பங்கின் மணமக்கள் தகவல் படிவத்தில் "படிப்பு", "தொழில்" என்பனவற்றை அடுத்து "நிறம்" என்றொரு கட்டம் ஆண்டுக்கணக்காக இருந்துவந்தது. தயங்கி நின்ற பெற்றோருக்கு உதவுவதாக எண்ணி, "மாநிறம்" என்று நம் கையாலேயே நிரப்பியதும் உண்டு. அப்பிள்ளையின் படிவத்தைத் தேடி எடுத்தோம். அதிலும் நம் கையெழுத்தே இருந்தது.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளைக்கு ஊசி விவரம் அதுவரை தெரியாதாம். தெரிந்தபின் அவர் தம் தாயிடம் என்ன பேசினார் என்பது அவர்கள் வீட்டுச் செய்தி. குழுக் கடன் தவணை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

படிவத்தைப் புதிதாக அச்சடித்துவிட்டோம். "நிறம்" இருந்த கட்டத்தில் இப்போது இரத்த வகையைக் கேட்கிறோம்.