லயத்துக் கூரையின் கீழ் ஓடும் தீ

மலையகத்தில் லயன் குடியிருப்பொன்று தீக்கிரையானது என்ற செய்தி வரும்போதெல்லாம், அதன் எஞ்சிய வரிகளை வாசகர்கள் படிக்காமலே சொல்லிவிடுவர். மின்னொழுக்கு காரணமெனச் சந்தேகம். அடையாள அட்டைகளும் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களும் சாம்பல். குடும்பங்கள் தோட்டப் பாடசாலையில் தஞ்சம். ஒரு காம்பராவில் மூண்ட தீ ஏன் அந்தக் காம்பராவோடு நிற்பதில்லை என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை.

விடை கூரையில் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவிலான காம்பராக்கள் வரிசையாக நிற்க, அவை அனைத்தையும் ஒரே தகரக் கூரை மூடுகிறது. பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. அந்த இடைவெளியில், தலைமுறைகளாக அடுப்புப் புகையில் உலர்ந்த மரச்சட்டங்கள். பரணில் தேயிலை மிலாறு. தீ அங்கு ஏறிவிட்டால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடத் தடையேதுமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் ஊவா வறண்டு கிடப்பதும் அதற்குத் துணைபோகிறது.

லயங்களைக் கட்டியவர்கள் இதனை அறியாதவர்களல்லர். 1666 செப்டெம்பரில், மரவீடுகள் நெருங்கியிருந்த லண்டன் மாநகரில் 13,000க்கும் அதிகமான வீடுகள் எரிந்தன. அன்று தீயணைப்பென்பது பெரும்பாலும் நீண்ட கொக்கிகளால் அண்டை வீட்டை இழுத்து வீழ்த்தித் தீயின் பாதையை அறுப்பதே. மறுவருடமே வெளிச்சுவரும், இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சுவரும் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. அதே நாட்டுத் துரைமார் 19ஆம் நூற்றாண்டில் இங்கு கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக லயங்களை எழுப்பியபோது, அந்தப் பாடத்தைக் கப்பலேற்றி வரவில்லை. இன்றும் தோட்டத்து இளைஞர்கள் தகரங்களைப் பிடுங்கியும், பீலித் தண்ணீரை வாளிகளில் கைமாற்றியும் போராடுகின்றனர். முறை பழைய லண்டனுடையதுதான்.

நம் நாட்டில் தீயணைப்புச் சேவை பெரும்பாலும் மாநகர சபைகளைச் சார்ந்தது. பதுளையிலிருந்து பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு வண்டி வளைந்தேறி வந்தாலும், இறுதித் தோட்டப்பாதை அதற்கு இடங்கொடுக்குமா என்பது ஐயமே. பிரதேச சபைகளோ 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவினால் தோட்டங்களுக்குள் செலவிடத் தயங்கி நின்றன. அத்தடை 2018இல்தான் திருத்தப்பட்டது.

தனிக் காணியில் தனித்தனியே எழும் புதிய வீடுகளில் தீ ஒரு வீட்டோடு அடங்கக்கூடும். ஆயின் அவ்வீடு கிட்டாதோர் இன்னமும் பெருந்தொகையினர். இடைச்சுவரைக் கூரை வரை உயர்த்தச் சில வரிசைக் கற்களும் ஒரு மேசனின் சில நாள் உழைப்பும் போதும். அதைத் தன் செலவிலேயே செய்ய ஒரு தொழிலாளி முன்வந்தாலும், காம்பரா அவருடையதன்று. தோட்ட நிர்வாகத்தின் அனுமதிக்கு அவர் காத்திருக்க வேண்டும்.