நித்தியகல்யாணி: அதன் குணமும் எச்சரிக்கையும்

மதுரை ஜில்லாவில் நித்தியகல்யாணியை அறியாத கிராமவாசி இரார். வீட்டு முற்றங்களில் வருஷம் முழுவதும் பூப்பது அது. இடுகாட்டு ஓரங்களில் தானே முளைப்பதால் சுடுகாட்டு மல்லி என்றும் பெயர் பெற்றது. ஆடுமாடுகள் அதை மேய்வதில்லை. மழை குறைந்தாலும் எளிதில் பட்டுப்போவதில்லை. இத்துணைப் பழக்கமான இச்செடியின் பூர்வீகம் ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவு ஆகும்.

பல தேசங்களிலும், நம் ஊர்களிலும், இதைக் கஷாயமிட்டு நீரிழிவுக்குக் கொடுப்பது வழக்கம். 1952-ல் ஜமெய்க்காவிலிருந்து வந்த இலைகளைக் கொண்டு கனடா தேசத்து ராபர்ட் நோபிள் என்பவர் இதனைச் சோதிக்கத் தொடங்கினார். வாய்வழி கொடுத்தபோது எலிகளின் இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசி மூலம் செலுத்தியபோதோ வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்தன. அவ்வணுக்கள் மிதமிஞ்சிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவலாம் என்னும் எண்ணம் இதனின்றும் பிறந்தது. 1958-ல் நோபிளும் சார்லஸ் பீர் என்பவரும் வின்பிளாஸ்டின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்ததை வெளியிட்டனர். பின்னர் கிடைத்த வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்தாகும்.

இரத்த அணுக்களைக் குறைக்கும் வன்மையுள்ள செடியை அளவறியாது காய்ச்சிக் குடிப்பது அபாயம் என்பது இதனால் விளங்கும். நான் கணக்குப் பார்க்கச் சென்ற ஒரு கிராமத்தில், சங்க அங்கத்தினர் ஒருவர் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்திவிட்டு ஆறு மாதம் இக்கஷாயத்தையே நம்பியிருந்தார். காற்புண் ஆறாமல் இரண்டு விரல்களை இழந்த பின்னரே மருந்துக்குத் திரும்பினார்.

எனினும் குடியானவருக்கு இது பயனற்ற செடியன்று. தென் ஜில்லாக்களில் இதனை மானாவாரியாகவும் பயிரிடுகின்றனர். கவனிக்க வேண்டியவை:

1. ஏக்கருக்குச் சுமார் 1 கிலோ விதையைப் பத்து மடங்கு மணலுடன் கலந்து விதைக்கலாம்.

2. ஆறாம், ஒன்பதாம் மாதங்களில் இலை பறித்து, பன்னிரண்டாம் மாதத்தில் வேரைத் தோண்டிக் கழுவி, யாவற்றையும் நிழலில் உலர்த்த வேண்டும்.

3. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை தேவை. ஆகவே மருந்துச் சாலைகள் மொத்தமாகவே கொள்முதல் செய்யும். சிறு மூட்டையுடன் தனியே செல்பவர் தரகர் சொல்லும் விலைக்கே இணங்க நேரிடும்.

ஆதலால் குடியானவர்கள் ஒன்றுகூடி, விலையை எழுத்து மூலம் பேசி முடித்த பின்னரே விதைப்பது உத்தமம். செடியை விற்றுப் பொருள் தேடுங்கள். மருந்தை வைத்தியரிடமே பெறுங்கள்.