உலையின் உச்சியில் நின்றவர்கள்

இரும்புத் தாதை உருக்கக் கல்கரி வேண்டும். நிலக்கரியைக் காற்றுப் புகாத உலைகளில் அடைத்து, ஏறத்தாழ 1,100 பாகை செல்சியசில் பல மணி நேரம் சுட்டால் அது கிடைக்கும். அப்போது கசியும் புகை வெறும் கரித்தூள் அன்று. தார் ஆவி குளிர்ந்து நுண்துகள்களாகிறது. பென்சோபைரீன் முதலிய புற்றுநோய்க் காரணிகள் அத்துகள்களோடு நுரையீரலின் ஆழம்வரை சென்று படிகின்றன.

உலைகளின் மேல்தளத்திலுள்ள துளைகள் வழியாகவே நிலக்கரி கொட்டப்படும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் புகை பீறிடும். காலடிச் சூட்டைத் தாங்க மரத்தாலான அடிப்பகுதி கொண்ட காலணியணிந்து அங்கே நின்றவர்கள் யார்?

அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரை உள்ளடக்கிய அலகேனி மாவட்டத்தின் எஃகு ஆலைகளில் 1953இல் பணிபுரிந்த ஏறத்தாழ 59,000 பேரை வில்லியம் லாயிட் என்னும் ஆய்வாளரின் குழு தொடர்ந்து கண்காணித்தது. அனைவரையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோது அச்சப்பட ஏதும் தென்படவில்லை. கல்கரிப் பிரிவைத் தனியே எடுத்தபோது, கறுப்பினத் தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பு மிகுந்திருந்தது. அவர்கள் உடலின் இயல்பே அது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கறுப்பின உடல் வெப்பத்தைத் தாங்கும் என்று சொல்லித்தானே அவர்களை அங்கே ஏற்றினார்கள்! (இவ்வகை உடற்கூற்று விளக்கம் நமக்கும் புதிதன்று.)

லாயிட் மேலும் பகுத்தார்: யார், எந்த இடத்தில், எத்தனை ஆண்டுகள்? 1971இல் வெளியான முடிவின்படி, மேல்தளத்தில் மட்டும் ஐந்தாண்டோ அதற்கு மேலோ பணியாற்றியவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் இறப்பு ஏறத்தாழ பத்து மடங்கு. இன வேறுபாடாகத் தோன்றியது பணிப் பங்கீட்டின் வேறுபாடே. ஆபத்தான இடங்களில் கறுப்பினத்தவரே மிகுதியாக நிறுத்தப்பட்டிருந்தனர். பதிவேட்டில் பணியிடம் குறிக்கப்பட்டிராவிட்டால் இது ஒருபோதும் வெளிப்பட்டிராது. ஒப்பந்தத் தொழிலாளரின் நோயைப் பற்றிப் பேச முற்படும் நம் தோழர்கள், முதலில் தேட வேண்டியது அத்தகைய பதிவைத்தான்.

அவர்கள் ஏன் வேறு பிரிவுக்கு மாறவில்லை? பணிமூப்பு பிரிவுவாரியாகக் கணக்கிடப்பட்டது. மாறினால், பல ஆண்டு உழைத்தவரும் கடைநிலையிலிருந்தே தொடங்க வேண்டும். 1974இல் ஒன்பது எஃகு நிறுவனங்களும் தொழிற்சங்கமும் அரசும் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாடுதான் அந்தப் பூட்டைத் தளர்த்தியது.

1976இல் அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை கல்கரி உலைப் புகைக்கு வரம்பு விதித்தது: துகள்களில் பென்சீனில் கரையும் பகுதி, எட்டு மணி நேரச் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 150 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அளக்க வேண்டியது ஆலை வாயிலிலுள்ள காற்றை அன்று. தொழிலாளி மூச்சிழுக்கும் காற்றை.