பாக்லா அவரை

தமிழ்நாட்டில் அவரை என்றதும் பந்தலில் படரும் கொடியே நினைவுக்கு வரும். பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம் முதலிய பகுதிகளில் ‘பாக்லா’ என வழங்குவது வேறொரு பயிராகும். இதனை ‘அகன்ற அவரை’ என்று மொழிபெயர்த்தால் குழப்பமே மிஞ்சுமாதலால், வழக்கிலுள்ள பெயரையே இங்குக் கொள்கிறோம். தாவர நூலார் இதனை ‘விசியா ஃபாபா’ என்பர். இது பந்தலோ பற்றுக் கம்பிகளோ இன்றி நிமிர்ந்து வளரும் செடி; தண்டு நாற்கோணமானது; வெண்ணிறப் பூவில் கரும்புள்ளி விளங்கும்.

மேற்கு ஆசியாவில் மிகப் பழங்காலத்திலேயே பயிரிடப்பட்ட இவ்வவரை, எகிப்தில் இன்றும் அன்றாடக் காலை உணவாக விளங்குகிறது. உலர்ந்த விதையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு புரதமாகும். இளங்காய்களைக் கறியாகவும், பச்சை விதைகளை உரித்து வேகவைத்தும், முற்றிய விதைகளைப் பருப்பாகவும் உண்ணலாம்.

இது குளிர்காலப் பயிர். வட இந்தியச் சமவெளியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் விதைப்பர். வரிசைகளுக்கிடையே ஒன்றரை அடியும் செடிகளுக்கிடையே அரை அடியும் விடுதல் போதுமானது. வெப்பம் மிகுந்தால் பூக்கள் உதிரும். எனவே காலந்தாழ்த்தி விதைப்பதில் பயனில்லை. நுனிக் குருத்துகளில் கரிய அசுவினி மொய்க்குமாயின், காய் பிடித்தபின் அந்நுனிகளைக் கிள்ளி எறிதல் எளிய முறை. அறுவடைக்குப்பின் வேர்களைப் பிடுங்காமல் நிலத்திலேயே விட்டுவிட வேண்டும். வேர் முடிச்சுகளிலுள்ள தழைச்சத்து அடுத்த பயிருக்கு உதவும்.

இத்தகைய பயிரைப் பள்ளித் தோட்டத்திற்குப் பரிந்துரைக்குமுன் ஊழியரும் ஆசிரியரும் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. விதையிலுள்ள வைசின், கான்வைசின் என்னும் பொருள்கள் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அவை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. உண்ட ஓரிரு நாட்களில் முகம் வெளிறும், கண்கள் மஞ்சளாகும், சிறுநீர் கருந்தேநீர் போல் இறங்கும். இந்நிலையில் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உண்ட உணவையும் மருத்துவரிடம் கூற வேண்டும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே ஆபத்து. சமைப்பதால் இத்தீங்கு நீங்கிவிடும் என நம்புதல் தவறு. முற்றிய விதையைவிட இளம் விதையிலேயே இப்பொருள்கள் மிகுதி.

இக்குறை தாய்வழியாக ஆண் மக்களுக்கு இறங்குவதால் சிறுவர்களிடமே மிகுதியாக வெளிப்படும். எனினும் சிறுமியரை முற்றிலும் விலக்கிக் கருதலாகாது. மலேரியா நெடுங்காலம் நிலவிய வட்டாரங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. பிரைமாகுவின் என்னும் மலேரியா மருந்தால் சிலருக்கு இரத்தம் சிதைவதன் காரணத்தை 1956-ல் ஆராய்ந்தபோதே இந்நொதிக் குறை வெளிப்பட்டது. ஆதலால் வீடுதோறும் செல்லும் ஊழியர், “மலேரியா மாத்திரை உண்டபின் எவருக்கேனும் சிறுநீர் கறுத்ததுண்டா?” எனக் கேட்டறிதல் நன்று. ஆம் என்பாராயின், அக்குடும்பத்தினர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்வரை பாக்லாவைத் தவிர்க்கச் சொல்லலாம்.

வைசின் மிகக் குறைந்த வகைகளை ஆய்வாளர் உருவாக்கியுள்ளனர். வைசின் உருவாவதில் முக்கியப் பங்குகொள்ளும் மரபணுவும் 2021-ல் அடையாளம் காணப்பட்டது. ஆனால் கடையில் வாங்கும் விதை எவ்வகையது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய இயலாது.